பூர்வகுடி மக்களுக்கான அலுவலகத்தில் ஒரு புதிய ஊழியர்



நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துப் பிறகு இடைநிலைப் பள்ளி, போலிடெக்னிக் என்று மேலே போன ஒரு பெண்ணின் தாயார், ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் நம்மைப் பார்க்க வந்தார். கையில் நான்காய் மடித்த ஒரு கடிதம். "சார், மகளுக்கு வேலை கிடைச்சிருக்கு. ஆனா என்ன ஆபீசுன்னே புரியல. அரசாங்க வேலையும் இல்லையாம், கம்பெனியும் இல்லையாம். ஓராங் அஸ்லி ஆளுங்களுக்காகப் பேசற ஆபீசாம். காட்டுக்குள்ள எல்லாம் போகணுமாம். அனுப்பலாமா, வேணாமா?" என்று கேட்டார்.

அந்த அம்மாளுக்கு அன்று நாம் சொன்னது கொஞ்சம். அதன் பிறகு அந்தப் பெண் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சொல்லி நாம் தெரிந்துகொண்டது அதிகம். இரண்டையும் சேர்த்து இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணுகிறோம். தோட்டத்தில் இன்னும் இருக்கும் குடும்பங்களிலும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குப் போய்விட்ட குடும்பங்களிலும் பிள்ளைகள் இப்போது நாம் கேள்விப்படாத வேலைகளுக்கெல்லாம் போகிறார்கள் அல்லவா? இதுவும் அப்படி ஒரு வேலைதான்.

ஓராங் அஸ்லி என்றால் ஆதி மக்கள் என்று பொருள். தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி மக்கள் இவர்கள். நெகிரிட்டோ, செனோய், மெலாயு புரோட்டோ என்ற மூன்று பெரும் பிரிவுகளாகவும், அவற்றுக்குள் 18 இனங்களாகவும் இவர்களைக் கணக்கிடுகிறார்கள். செமாய், தெமியார், ஜக்கூன், தெமுவான், மா மெரி, பாத்தேக் என்ற பெயர்களை நீங்கள் செய்தியில் கேட்டிருக்கலாம். எல்லோரும் சேர்ந்து ஏறத்தாழ 2 லட்சம் பேர். செமாய் மொழியும் தெமியார் மொழியும் மலாய் மொழியின் கிளைகள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியன்று. அவை கம்போடியாவில் பேசும் கெமெர் மொழிக்கும் பர்மாவின் மோன் மொழிக்கும் உறவான மொழிகள். நம் வானொலிப் பெட்டியிலேயே அவற்றைக் கேட்கலாம். ஆர்.டி.எம். நடத்தும் ஆசிக் எப்.எம். அவர்களுடைய மொழிகளில்தான் ஒலிபரப்பாகிறது.

தோட்ட மக்களாகிய நமக்கு இவர்கள் அந்நியர் அல்லர். கேரித் தீவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டியே மா மெரி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. பேராக்கிலும் பகாங்கிலும் தோட்டத்து எல்லையைத் தாண்டினால் அவர்களுடைய கம்பம் என்று இருந்த இடங்கள் பல. பக்கத்தில் இருந்தும் நாம் பழகியது குறைவு. பழகாததோடு நிற்கவில்லை, அவர்களுக்கு ஒரு பெயரும் வைத்தோம். 'சக்காய்' என்ற சொல் லயத்து வாசலில் எத்தனை முறை வசையாக விழுந்திருக்கிறது! அழுக்காக வந்த பிள்ளையைத் திட்டவும், புரியாமல் விழிப்பவரைக் கேலி செய்யவும் அதைத்தான் எடுத்தோம். அந்த மக்கள் காதில் அது எப்படி விழும் தெரியுமா? அடிமை என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மை ஒருவர் 'கிளிங்' என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கிறதோ, அப்படி. அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த அன்று மூத்த ஊழியர் ஒருவர் அவளிடம் முதலில் கேட்டதே, "உங்கள் ஊரில் எங்களை என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள்?" என்றுதானாம். அவர் ஒரு செமாய்க்காரர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கோபப்படவில்லையாம். "தெரிந்துகொண்டு வந்தால் போதும், உட்கார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாராம்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். பூர்வகுடி மக்களின் நலனைக் கவனிக்க ஓர் அரசாங்க இலாகா உண்டு. இப்போது அதற்கு ஜாக்கோவா என்று பெயர். நாம் பேசும் அலுவலகம் அதுவன்று. அந்த மக்களே கூடி அமைத்த சங்கங்களும், அவர்களோடு நின்று குரல் கொடுக்கும் தன்னார்வ அமைப்புகளும் தனியாக இருக்கின்றன. தீபகற்ப மலேசிய ஓராங் அஸ்லி சங்கம் 1976இல் தோன்றியது. ஓராங் அஸ்லி விவகாரங்களுக்கான மையம் 1989இல் தொடங்கப்பட்டது. சபாவில் பாக்கோஸ் அறநிதி இயங்குகிறது. சபா, சரவாக், தீபகற்பம் ஆகிய மூன்று பகுதி அமைப்புகளையும் இணைக்கும் வலைப்பின்னலாக ஜோவாஸ் இருக்கிறது. அரிசியும் துணியும் கொடுத்துவிட்டு வருவது இவர்களுடைய முக்கிய வேலை அல்ல. நில வரைபடம் தயாரிப்பது, மனு எழுதத் துணை நிற்பது, வழக்கறிஞரைத் தேடுவது, சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கிராமத்தில் உட்கார்ந்து விளக்குவது போன்ற வேலைகளே அதிகம்.

இத்தகைய அலுவலகத்தில் ஆட்கள் குறைவு, பணம் குறைவு, வேலை அதிகம். ஆதலால் புதிதாக வருபவரை வரவேற்க யாருக்கும் நேரமில்லை என்ற நிலை எளிதில் வந்துவிடும். இதை நாம் அனுபவத்தில் அறிவோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து, நியமனக் கடிதத்தோடு ஒரு பள்ளிக்கு நாம் போய் நின்ற நாள் இன்னும் மறக்கவில்லை. காலை ஏழு மணிக்குப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் நம்மைப் பயிற்சிப் புத்தகம் விற்க வந்தவர் என்று நினைத்து, "இந்த வருடம் வாங்கியாகிவிட்டது" என்றார். பத்து மணி வரைக்கும் வராந்தாவில் நின்றோம். ஆசிரியர் அறையில் நமக்கென்று மேசை கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. கல்லூரியில் கற்பித்தல் முறைகளையெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கழிவறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை! அந்த மூன்று வாரத்தில் வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு முறை கடிதம் எழுதிக் கிழித்தோம்.

ஓர் ஆசிரியர் விட்டுப் போனால் இன்னொருவர் வருவார். பூர்வகுடிக் கிராமத்தில் விஷயம் வேறு. அங்கே ஏற்கெனவே எத்தனையோ பேர் வந்து படம் பிடித்து, கேள்வி கேட்டு, எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் சிலரே. இன்று ஒரு பெண் வந்து முகம் பழகி, மூன்று மாதத்தில் மனம் சலித்து ஓடிவிட்டால், அடுத்து வருபவரிடம் அந்தக் கிராமம் வாய் திறக்காது. ஆகவே அலுவலகத்தில் ஒருவரை எப்படி வரவேற்கிறோம் என்பது கிராமம் வரைக்கும் போய்ச் சேருகிற காரியம்.

கடிதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம், ஏனெனில் அந்தத் தாயார் கேட்டதும் அதைத்தான். சேவை அமைப்பு என்பதால் சம்பளமும் சேவையாகப் போய்விடக் கூடாது. நியமனக் கடிதத்தில் சம்பளம், வேலை நேரம், சோதனைக் காலம் எத்தனை மாதம், விடுப்பு எத்தனை நாள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இ.பி.எப்., சொக்சோ இரண்டும் கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்குப் பொதுவாக இ.பி.எப்.பில் தொழிலாளி 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் செலுத்துவது முறை. 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளச் சொன்னோம்: இந்த வேலைக்கான பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை காலத்துக்கு? இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் நன்கொடையிலும் திட்ட நிதியிலும் நடப்பவை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியலாம். அதைக் கேட்பதால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நல்ல அலுவலகமாக இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடும். அந்த அலுவலகம் சொன்னதாம்: இரண்டு ஆண்டுக்கு நிதி இருக்கிறது, அதற்குப் பிறகு உறுதி இல்லை என்று. தாயாருக்கு அது பிடிக்கவில்லை. நமக்குப் பிடித்தது, ஏனென்றால் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் அவளை எங்கும் அனுப்பவில்லை. படிக்கச் சொன்னார்கள். நாற்பது கட்டுக் காகிதம் இருந்த ஒரு அலமாரியைக் காட்டி, முதலில் இந்த வழக்கைப் படி என்று ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார்கள். சாகோங் தாசி வழக்கு அது. நாமும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிலாங்கூரில் டெங்கில் பக்கத்தில் புக்கிட் தம்போய் என்ற தெமுவான் கிராமம். 1990களின் நடுவில் புதிய விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக அந்த மக்களின் நிலத்தில் ஏறத்தாழ 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. பழ மரங்களுக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் நஷ்டஈடு கிடைத்தது. நிலத்துக்கு? நிலம் உங்களுடையது அல்ல, நீங்கள் அங்கே குடியிருக்க அனுமதிக்கப்பட்டவர்கள்தான், ஆகவே நிலத்துக்குப் பணம் இல்லை என்பது எதிர்த் தரப்பின் வாதம். கிராமத்தைச் சேர்ந்த ஏழு பேர் நீதிமன்றம் போனார்கள். 2002இல் உயர்நீதிமன்றம், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த அந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு, நிலத்துக்கும் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2005இல் முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மேல்முறையீடு கைவிடப்பட்டு, நஷ்டஈட்டுத் தொகை 65 லட்சம் வெள்ளி என்று முடிவானபோது ஆண்டு 2010. ஒரு சாலைக்கும் ஒரு தீர்வுக்கும் இடையில் எத்தனை காலம் பாருங்கள்!

இதைப் புதிய ஊழியருக்கு முதலில் ஏன் கொடுக்கிறார்கள்? பட்டா இல்லாத மக்கள் நீதிமன்றத்தில் எதைக் காட்டி நின்றார்கள் என்பதைப் பார்க்கத்தான். கிழவர்களும் கிழவிகளும் சொன்ன வரலாற்றை, சாட்சியச் சட்டத்துக்கு உட்பட்டு, நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. இந்த டுரியான் மரத்தை யார் நட்டார்கள், இந்தப் புதைகுழியில் யார் இருக்கிறார், இந்த ஓடைக்கு ஏன் இந்தப் பெயர் என்ற பேச்செல்லாம் நாளைக்கு நீதிபதி முன்னால் போகக்கூடிய பேச்சு. கிழவி சொல்வதை அலட்சியமாகக் கேட்டு, ஓடையின் பெயரைத் தப்பாக எழுதிக்கொண்டு வந்துவிட்டால், அந்தக் கிழவி இறந்த பிறகு திருத்திச் சொல்ல ஆள் இல்லை. பால் வெட்டுக்குப் புதிதாக வந்தவரைக் கங்காணி என்ன செய்வார்? நல்ல நிரையை உடனே கொடுத்துவிடுவாரா? பழைய கை ஒருவரோடு சேர்த்துவிட்டு, கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்காமல் பழக வைப்பார். காயம் பட்ட இடம் மறுபடி வெட்டுக்கு உதவாது என்று நம் தாய் தகப்பனுக்குத் தெரியும். அந்தப் பெண் கட்டைப் படித்து முடித்த மறுநாள் நமக்கு டெலிபோனில் சொன்னதும் இதையேதான். அவளுடைய பாட்டி நாற்பது வருடம் மரம் வெட்டியவர்.

மூன்றாம் வாரம் பேராக்கில் ஒரு செமாய் கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். அனுப்பவில்லை, அழைத்துப் போனார்கள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. போவதற்கு முன்பே கிராமத்துத் தலைவருக்குச் செய்தி சொல்லி, எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டாகிவிட்டது. சில இனங்களில் தலைவரைப் பாத்தின் என்பார்கள், சில இடங்களில் பெங்ஹுலு. அவரைப் பார்க்காமல் யார் வீட்டிலும் ஏறக்கூடாது. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடி மக்கள் சட்டப்படி வெளியாரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அரசாங்கத்துக்கும் உண்டு. ஆகையால் அந்த வகையிலும் கவனமாக இருக்க வேண்டும்.

மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார்கள். இவளுக்கு வயிறு சரியில்லை, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் இருந்த மூத்தவர் முழங்கையால் இடித்தார். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு பெண் குழந்தை பூனைக்குட்டிக்குத் துணி சுற்றி வைத்திருந்தது. அதைப் பார்த்து இவள் சிரித்தபோதும் ஒரு கிழவி முகம் மாறிவிட்டாராம். விலங்குகளைக் கேலி செய்து சிரித்தால் இடியும் புயலும் வரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. மாலையில் கூட்டம். ஒரு மணி நேரம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொருவரும் பேசினார்கள், முன்னவர் சொன்னதையே திருப்பியும் சொன்னார்கள், இடையில் யாரும் குறுக்கிடவில்லை. எல்லோரும் பேசித் தீரும் வரைக்கும் கூட்டம் தீராது. இரவு பன்னிரண்டு தாண்டிவிட்டது. அவளோடு வந்தவர்கள் ஒருவர்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லையாம்.

இவ்வளவு கவனமாகப் பழக்கியும் ஒரு பிசகு நேர்ந்தது. அதைத்தான் நாம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

கூட்டம் முடிந்து படுக்கப் போகும் வேளையில் ஓர் இளம் தாய் இவளிடம் வந்து, தன் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்றாள். நேயர்களே, இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தோட்டத்துப் பெற்றோரோடு நாமும் அலைந்திருக்கிறோம். அந்தப் பெண்ணின் சொந்த மாமாவே சிவப்பு அடையாளக் கார்டோடு பல வருடம் இருந்தவர். அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. "கவலைப்படாதீர்கள் அக்கா, அடுத்த மாதத்துக்குள் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டாள்.

நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனால் தீபகற்பத்தில் பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். அது கடந்துவிட்டால் சாட்சி, கடிதம், விசாரணை என்று நீண்டுபோகும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதத்தில் நடக்கிற காரியமா? அதைவிட ஒன்று இருக்கிறது. செமாய் மக்களிடம் 'புனான்' என்று ஒரு கருத்து உண்டு. ஒருவருக்கு ஆசை உண்டாக்கிவிட்டு அது நிறைவேறாமல் செய்தால், ஏமாந்து போனவருக்கு ஆபத்து வரும் என்பார்கள். வழியில் பாம்பு கடிக்கலாம், மரம் முறிந்து விழலாம். பழி ஆசை காட்டியவரைச் சேரும். கிழங்கை மறுக்காதே என்று முழங்கையால் இடித்ததற்கும் இதுபோன்ற காரணந்தான். 'கெம்புனான்' என்று மலாய்க்காரர்களும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாம் வாக்குத் தவறினால் வெட்கம் என்போம். அவர்களுக்கு அது ஒருவருடைய உயிரோடு விளையாடுவது.

இரண்டு மாதம் கழித்து அவள் பயந்துபோய் மூத்தவரிடம் சொன்னாள். அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். மற்றவர் முன்னால் அவளை நிற்க வைத்துப் பேசவில்லை. அந்தக் காரியத்தைத் தாமே எடுத்துக்கொண்டு அவளை ஒதுக்கிவிடவும் இல்லை. அடுத்த பயணத்தில் அவளை அதே வீட்டுக்கு அழைத்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீயே சொல்" என்றார். ஒரு மாதம் என்று சொன்னது தன் தவறு, தெரியாமல் சொன்னது, இன்னும் இன்னின்ன காகிதம் வேண்டும், எத்தனை நாளாகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று அவள் சொன்னாள். அந்தத் தாய் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "நீ திரும்பி வரமாட்டாய் என்று நினைத்திருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே போய் பிள்ளையின் மருத்துவ அட்டையை எடுத்து வந்து கொடுத்தாளாம்.

அதன் பிறகு பெங்ஹுலுவின் கடிதம், பிரசவம் பார்த்த பாட்டியின் சாட்சி, பதிவு இலாகாவுக்கு நான்கு நடை. நாம் இதைப் பேசும் நாளில் பத்திரம் இன்னும் வரவில்லை. மனு உள்ளே இருக்கிறது.

நம் மேலதிகாரிகள் பலரிடம் இல்லாத ஒன்று அந்த மூத்தவரிடம் இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. பிழை செய்த புதியவரை மறைத்து வைத்தால் அவர் பயம் கற்றுக்கொள்வார். கூடவே கூட்டிப் போனால்தான் வேலை கற்றுக்கொள்வார்.

அதே நாளில் வேலைக்குச் சேர்ந்த இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் செமாய் இனத்தவள். கிராமத்தில் எதைச் சொல்லலாம், எங்கே உட்காரலாம் என்று அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதனாலேயே அவளுக்கு வரவேற்பே தேவையில்லை என்று அலுவலகத்தில் சிலர் நினைத்துவிட்டார்கள். வந்த மறுநாளே மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரருக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். கணினியில் கணக்கு எழுதுவது எப்படி என்று அவள் கேட்க நினைத்தது ஒருவருக்கும் தெரியவில்லை. நம் பெண்ணிடம்தான் ரகசியமாகக் கேட்டிருக்கிறாள். மதிய உணவு நேரத்தில் ஒருத்தி கணக்கு சொல்லித் தர, மற்றவள் செமாய் மொழி சொல்லித் தர, ஆறு மாதத்தில் இருவரும் தேறிவிட்டார்கள். இது நல்ல முடிவுதான். ஆனாலும் அலுவலகம் செய்திருக்க வேண்டியதைச் சாப்பாட்டு மேசை செய்தது என்பதை நாம் சொல்லாமல் விடக்கூடாது. அந்த மக்களுக்காக நடக்கும் அலுவலகத்தில் நாளைக்குத் தலைமை நாற்காலியில் உட்கார வேண்டியவள் அவள் அல்லவா?

சென்ற தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தத் தாயார் மறுபடி பள்ளிக்கு வந்தார். கையில் கடிதம் இல்லை. மகள் தன் தோழியைப் பண்டிகைக்கு வீட்டுக்கு அழைத்து வருகிறாளாம். "சார், அந்தப் பொண்ணு நம்ம சாப்பாடு சாப்பிடுமா? காரம் ஆகுமா? கீழ பாய் போட்டா போதுமா, இல்ல நாற்காலி எடுத்து வைக்கணுமா? நாம ஏதாவது தெரியாம சொல்லிட்டா அதுக்கு மனசு கஷ்டப்படுமே" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். மற்றதை மகளிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னோம். அவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, அந்த இனத்தின் பெயரை எப்படிச் சரியாக உச்சரிப்பது என்று கேட்டார். செமாய், செமாய் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார்.